மாஸ்டர் வளர்த்த புழுக்கள்

மாஸ்டருக்கு வாசனை போய் எட்டு மாதம் ஆகிறது. மூக்கு இருந்த இடத்தில்தான் இருக்கிறது. சளி பிடித்தால் ஒழுகுகிறது, கண்ணாடியைத் தாங்குகிறது, தூக்கத்தில் குறட்டையும் விடுகிறது. செய்ய வேண்டிய முக்கியமான வேலையை மட்டும் செய்வதில்லை. குளிர்காலத்தில் வந்த ஒரு காய்ச்சல், போகும்போது அதையும் கையோடு எடுத்துக்கொண்டு போய்விட்டது. டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்தார், பஞ்சில் எதையெதையோ நனைத்து நீட்டினார், கடைசியில் "திரும்பி வந்தாலும் வரலாம், வராமலும் போகலாம்" என்றார். இதைச் சொல்ல ஒரு டாக்டர் எதற்கு என்று மாஸ்டர் படியிறங்கும்போது முணுமுணுத்தாள். அதோடு சரி. அப்புறம் அவள் அதைப் பற்றி அழவும் இல்லை, புலம்பவும் இல்லை.

தையல்காரிக்கு மூக்கு போனால் ஊசி கோபித்துக்கொள்ளாது. இவளோ ஒரு தொழிற்சாலைக் கேன்டீனில் நானூறு பேருக்குச் சமைக்கிறவள். மாஸ்டர் என்பது அங்கே கிடைத்த பட்டம். அது அவள் பின்னாலேயே வீடு வரைக்கும் வந்துவிட்டது, லிஃப்ட் மெக்கானிக்கான அவள் கணவனே அவளை அப்படித்தான் கூப்பிடுகிறான். மூக்கில்லாத மாஸ்டர் என்று தெரிந்தால் சூப்பர்வைசர் மறுநாளே அவளை ஸ்டோர் ரூமில் மூட்டைக்குக் காவல் உட்கார வைத்துவிடுவார். இருபது வருஷம் அடுப்பு முன்னால் நின்றவளை அதைவிட வீட்டுக்கே அனுப்பிவிடலாம். அதனால் விஷயம் மெக்கானிக்குக்கு மட்டும் தெரியும்.

கேன்டீனில் அவள் கண்ணாலும் கடிகாரத்தாலும் சமைத்தாள். நாக்குக்கு உப்பும் புளிப்பும் தெரிந்தன, காரம் சுட்டது. மற்றதெல்லாம் ஈரக் காகிதத்தை மென்ற மாதிரி இருந்தது. முன்பெல்லாம் ஒவ்வொரு எண்ணெய் டின்னைத் திறக்கும்போதும் குனிந்து ஒரு இழுப்பு இழுத்து, "சரி, ஊத்து" என்பாள். இப்போதும் குனிந்தாள், இழுத்தாள், "சரி, ஊத்து" என்றாள். நாடகம் நன்றாகவே நடந்தது. சாயங்காலம் அன்றைய சமையலில் கொஞ்சம் டப்பாவில் வீட்டுக்கு வரும். மெக்கானிக் கை கழுவிவிட்டு உட்கார்ந்து சாப்பிட்டு, "அருமை மாஸ்டர்" என்பான். அந்த ஒரு சொல்லை நம்பித்தான் அவள் மறுநாள் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுவது நல்லது. மாஸ்டரின் சமையலில் குறை சொன்ன மனிதர் யாரும் நிம்மதியாக இருந்ததில்லை. கேன்டீன் சமையலறையின் மூலையில் ஒரு முக்காலி உண்டு, வெங்காய முக்காலி என்று பெயர். சாப்பிட வந்தவரானாலும் சரி, வாயைத் திறந்தவர் மறுநாள் அதில் உட்கார்ந்து மூட்டை வெங்காயத்தை உரிக்க வேண்டும். அவளுக்கு உதவியாக இருக்கும் பெண் ஒருத்தி, நடை ஆமை நடை என்பதால் மின்னல் என்று பெயர் எடுத்தவள், ஒருமுறை "மிளகு கொஞ்சம் தூக்கலோ" என்று கேட்டுவிட்டு ஒரு வாரம் கண்ணைக் கசக்கினாள். மெக்கானிக்கும் கல்யாணமான புதிதில் ஏதோ சொல்லிப் பார்த்து, வெறும் வேகவைத்த முட்டைக்கோஸைப் பல நாள் தின்று தெளிந்தவன்தான்.

மெக்கானிக் ஒரு புதுக் கட்டடத்துக்கு லிஃப்ட் மாட்ட வெளியூர் போயிருந்த வாரம் எதிர் வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். முகத்தைப் பாதி கையால் மூடியிருந்தார்.

"தப்பா நினைக்காதீங்கம்மா, உள்ள எலி ஏதாச்சும் செத்துக் கிடக்குதா?"

செத்தது எலி இல்லை. சிங்க்குக்குக் கீழே இருந்த குப்பைக்கூடை. அதைக் கொட்ட வேண்டும் என்று நினைவுபடுத்துவது எப்போதும் மூக்குதான், மண்டை இல்லை. மூடியைத் திறந்தால் உள்ளே புழு நெளிந்தது. அவள் அதைக் கட்டி எடுத்துக்கொண்டு நாலு மாடி இறங்கினாள். வெட்கப்பட வேண்டிய இடம் இது என்று தெரிந்தது, ஆனால் வெட்கம் வரவில்லை. இந்த எட்டு மாதமாக எதுவுமே அப்படித்தான், ஜன்னலுக்கு வெளியே யாருக்கோ நடக்கிற மாதிரி இருந்தது. குழாயடியில் கையை மட்டும் மூன்று தடவை கழுவினாள். போய்விட்டதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் வேலை முடிந்து வரும் வழியில் செடி விற்கிற நர்சரியில் நின்றாள்.

"வீட்டுக் குப்பை நாறாம இருக்க ஏதாவது வழி இருக்கா?"

நர்சரிக்காரர் ஒரு செடியைக்கூட விற்க முயலாமல், "மண்புழு வளருங்கம்மா" என்றார். "வீட்டுக்குள்ளயே வைக்கலாம். ஒழுங்கா பாத்துக்கிட்டா ஒரு துளி நாத்தம் வராது."

ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் இன்னொன்றைச் செருகிக் காட்டினார். மேல் தொட்டியின் அடியிலும் பக்கத்திலும் சின்னச் சின்ன ஓட்டை. கீழ்த் தொட்டி வடிகிற தண்ணீரைப் பிடிக்க. பழைய செய்தித்தாளை நாடா நாடாவாகக் கிழித்து, நனைத்து, துணியைப் பிழிகிற மாதிரி பிழிந்து உதிர்த்துப் போட வேண்டும். மேலே ஒரு பிடி மண், முட்டை ஓட்டுத் தூள். அப்புறம் புழு. வெங்காயம், எலுமிச்சை, எண்ணெய் பட்டது, சமைத்தது எதுவும் ஆகாது. காய்த் தோல் மட்டும், ஒரு மூலையில் புதைத்து, வாரத்துக்கு இரண்டு தடவை, ஒரு கைப்பிடி.

"நல்லா இருக்கான்னு எப்படித் தெரியும்?"

"மூடியைத் திறந்து மோந்து பாருங்க. மழை பேஞ்ச மண்ணு மாதிரி இருந்தா எல்லாம் சுகம். புளிச்ச வாடை அடிச்சா உடனே நிறுத்திடணும்."

மாஸ்டர் தலையை ஆட்டினாள். நாத்தமே வராத ஒன்றைத் தேடி வந்தவளிடம் அதற்கும் மூக்கு வேண்டும் என்கிறார் மனிதர். ஆனாலும் தொட்டியையும் புழுவையும் வாங்கிக்கொண்டாள். வீட்டில் ஒரு மூக்கு இருக்கிறதே, அது நாளைக்கு ஊரிலிருந்து வந்துவிடுமே என்று நினைத்தாள்.

மெக்கானிக் வந்து பார்த்தபோது சமையலறைத் தரை முழுக்கக் காகித நாடா. மாஸ்டர் நடுவில் உட்கார்ந்து கிழித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன இது, பேப்பர்ல நூடுல்ஸா?"

"புழுவுக்குப் படுக்கை."

"புழுவுக்கா? எனக்கே மெத்தை மாத்தி அஞ்சு வருஷம் ஆச்சு" என்றான். அவள் சிரிக்கவில்லை, ஆனால் உதட்டோரம் ஏதோ அசைந்தது. மெக்கானிக் அதைப் பார்த்துவிட்டான். பையைக்கூட இறக்காமல் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவனும் கிழித்தான்.

தொட்டி சிங்க்குக்குக் கீழே இருட்டில் இடம் பிடித்தது. காலையில் எழுந்ததும் மாஸ்டர் மூடியைத் திறப்பாள். "கொஞ்சம் மோந்து பாருங்க" என்பாள். மெக்கானிக் முழங்காலிட்டுத் தலையைக் கவிழ்த்து, "மழை பேஞ்ச மண்ணு" என்பான். அதன்பிறகுதான் காபி. சாயங்காலம் அவள் தானாகவே வந்து தொட்டி முன்னால் குந்துவாள். சிவப்புச் சரடு மாதிரி மெலிந்த புழுக்கள் வெளிச்சம் பட்டதும் காகிதத்துக்குள் ஓடி ஒளியும். கண் கிடையாது, காது கிடையாது, முகம் என்று ஒன்றே கிடையாது. அதுபாட்டுக்குத் தின்று, அதுபாட்டுக்கு இருக்கிறது. அது அவளுக்குப் பிடித்திருந்தது.

"கேரட் பிடிக்கலையா? ஏன் தொடவே இல்ல?" என்று கேட்பாள். "வெள்ளரியைப் பாரு, எப்படிக் காலி பண்ணியிருக்கீங்க."

கூடத்தில் டிவியின் சத்தத்தைக் குறைத்துவிட்டு மெக்கானிக் அதைக் கேட்டுக்கொண்டிருப்பான். எட்டு மாதமாக அந்த வீட்டில் "சாவி எங்க", "பால் தீந்துடுச்சு" என்பதைத் தாண்டி ஒரு பேச்சு இருந்ததில்லை.

தப்பு கைப்பிடியில் நடந்தது. நர்சரிக்காரர் கைப்பிடி என்றது சாதாரண மனிதரின் கைப்பிடி. நானூறு பேருக்கு அள்ளிப் போட்ட கைக்குக் கைப்பிடி என்றால் அரை வாளி. வாரத்துக்கு இரண்டு தடவை என்றதும் அவளுக்கு ஒப்பவில்லை. பட்டினி போட்டு வளர்ப்பது என்ன வளர்ப்பு? கேன்டீனிலிருந்து காய்த் தோலைப் பை பையாகக் கொண்டுவந்தாள். போதாக்குறைக்கு, பல்லில்லாத ஜீவன்கள் ஆயிற்றே என்று எல்லாவற்றையும் மிக்ஸியில் போட்டு விழுதாக அரைத்தாள். ஒருநாள் அரைக்கும்போது கை தானாக உப்பைக் கிள்ளி எடுத்துவிட்டது. கடைசி நொடியில் உதறினாள். அந்த விழுது காகிதத்தின் மேல் சாணி மெழுகினாற்போல் படிந்து, காற்றுப் போகிற ஓட்டையையெல்லாம் அடைத்தது. அரைத்துக் கொடுத்தால் புழு நன்றி சொல்லும் என்று அவள் நினைத்தாள் போலும்.

"எப்படி இருக்கு?"

"மழை பேஞ்ச மண்ணு."

சில விஷயங்கள் அவள் கண்ணில் படாமல் இல்லை. புழுக்கள் மூடியின் உட்புறம் ஏறிக் கொத்தாக ஒட்டிக்கொண்டிருந்தன. காலையில் தரையில் ஒன்றிரண்டு காய்ந்த சரடாகக் கிடந்தன. மெக்கானிக் சாரல் அடித்தாலும் சமையலறை ஜன்னலைத் திறந்து வைத்தான். அவன் மீசைக்கு மேலே ஏதோ பளபளத்தது. பக்கத்தில் வந்தால் அவளுக்குக் கண் கரித்தது. கேட்டதற்கு ஜலதோஷம், தைலம் தடவியிருக்கிறேன் என்றான். இவ்வளவு நாள் ஒரு ஜலதோஷமா என்று நினைத்தாள். நினைத்ததோடு விட்டுவிட்டாள். எதையும் துருவிக் கேட்க இப்போதெல்லாம் அவளுக்குத் தெம்பு இல்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். மெக்கானிக்கின் தங்கை, மனதில் பட்டதை வடிகட்டாமல் பேசுகிறவள். மாஸ்டர் கதவைத் திறந்ததும் அவள் வாசலிலேயே நின்று துப்பட்டாவை இழுத்து மூக்கை மூடிக்கொண்டாள்.

"அய்யோ, என்ன அண்ணி இது நாத்தம்! சாக்கடை உடைஞ்சிடுச்சா?"

மாஸ்டர் அவளையே பார்த்தாள். அப்புறம் திரும்பி, கூடத்தில் செய்தித்தாளை வைத்துக்கொண்டு முகத்தை மறைத்திருந்த கணவனைப் பார்த்தாள். செய்தித்தாள் இறங்கவே இல்லை.

"என்ன நாத்தம்?" என்று நாத்தனாரிடமே கேட்டாள். "சரியா சொல்லு. எனக்கு எட்டு மாசமா வாசனை தெரியாது."

நாத்தனார் கையைக் கீழே இறக்கினாள். அவளுக்கு இது புதுச் செய்தி. இருந்தாலும் கேட்டதற்குப் பதில் சொன்னாள். "அழுகின முட்டைக்கோஸ் மாதிரி. புளிச்ச மாவு மாதிரியும் இருக்கு. அண்ணே, உனக்குமா மூக்கு போச்சு?"

"அவருக்கு நல்லாவே இருக்கு" என்றாள் மாஸ்டர். "தினமும் காலையில எனக்கு மோந்து சொல்றாரே."

செய்தித்தாள் இறங்கியது. மீசைக்கு மேல் தைலம் பளபளத்தது. இப்போது அது எதற்கு என்று அவளுக்குப் புரிந்தது.

"எத்தனை நாளா?"

"கொஞ்ச நாளா."

"ஏன் சொல்லல?"

மெக்கானிக் செய்தித்தாளை நாலாக மடித்தான், எட்டாக மடித்தான். "நீ அது முன்னாடி உக்காந்து பேசிக்கிட்டு இருந்தே. எங்கிட்டகூட அப்படிப் பேசி எவ்வளவு நாளாச்சு. அதைப் போய் நாறுதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்?"

இதைக் கேட்டு எந்தப் பெண்டாட்டிக்கும் மனம் இளகும். மாஸ்டருக்கும் ஒரு மூலையில் இளகத்தான் பார்த்தது. ஆனால் அதற்குள் வேறொன்று அவள் மண்டையில் உறைத்துவிட்டது. அவள் உள்ளே போய், ஃபிரிட்ஜில் இருந்த நேற்றைய கேன்டீன் டப்பாவை எடுத்து வந்து, மூடியைத் திறந்து அவன் முன்னால் வைத்தாள். பீன்ஸும் கேரட்டும் வதக்கியது. அவன் நேற்று ராத்திரி பாதி சாப்பிட்டு அருமை என்று சொன்னது.

"இது?"

"நல்லாத்தான்..."

"அண்ணே" என்றாள் நாத்தனார். "சொல்லித் தொலை."

அவன் டப்பாவைப் பார்த்தே சொன்னான். "எண்ணெய் சிக்கு வாடை அடிக்குது."

"நேத்து மட்டுமா?"

"இல்ல."

"எப்போலேர்ந்து?"

"வெயில் காலத்துலேர்ந்து."

மாஸ்டர் நாற்காலியில் உட்கார்ந்தாள். ஸ்டோர் ரூமில் பாய்லர் சுவரை ஒட்டி அடுக்கியிருக்கும் எண்ணெய் டின்கள் கண்ணுக்கு முன்னால் வந்தன. கோடை முழுக்க அந்தச் சூட்டில் வெந்து கெட்டுப்போன எண்ணெய். ஒவ்வொன்றிலும் குனிந்து, இழுத்து, "சரி, ஊத்து" என்றவள் அவள். தட்டு கழுவும் இடத்தில் மிச்ச வாளி சீக்கிரமே நிறைவதைப் பார்த்திருந்தாள். வெயிலுக்குச் சாப்பாடு இறங்கவில்லை போல என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லியிருந்தாள். நானூறு பேர் தினமும் அதைத் தின்றார்கள். ஒருவர்கூட வாயைத் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை என்பதற்கும் அவளுக்குப் பதில் தெரியும், அந்தப் பதிலுக்கு மூன்று கால்.

"உங்க ஒரு வார்த்தையை வச்சுத்தான் நான் அங்க நின்னுகிட்டிருந்தேன்" என்றாள். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் மெக்கானிக்குக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். "எனக்கு மூக்கு போச்சுன்னு நீங்க ஒரு பொய் மூக்கைக் குடுத்திருக்கீங்க."

"உன் மனசு நோகக் கூடாதுன்னுதான்..."

"நொந்தாலும் பரவாயில்லையே. எதுவுமே தெரியாம இருக்கறதுக்கு அது தேவலாம்."

நாத்தனார் கைப்பையை ஆணியில் மாட்டிவிட்டு, "முதல்ல அந்தக் கண்றாவியைத் தூக்கி வெளிய கொட்டுங்க" என்றாள். மாஸ்டர் கொட்டவில்லை. பால்கனியில் பழைய போர்வையை விரித்து, தொட்டியை அதன் மேல் கவிழ்த்தாள். விழுது கறுத்துக் கூழாகிக் கிடந்தது. அடியில் இருந்த புழுக்கள் வெளிறிச் செத்திருந்தன. ஓரங்களிலும் மூடியிலும் ஒட்டியிருந்தவை மட்டும் பிழைத்திருந்தன. அவள் ஒவ்வொன்றாக விரலால் எடுத்து ஈரத் துணியில் வைத்தாள். கொஞ்ச நேரத்தில் மெக்கானிக்கும் வந்து குந்தினான். தைலத்தைத் துடைத்துவிட்டு வந்திருந்தான். முகம் கோணிப்போயிருந்தது, ஆனாலும் எழுந்து போகவில்லை. நாத்தனார் கதவருகே மூக்கைப் பொத்திக்கொண்டே செய்தித்தாளைக் கிழித்துக் கொடுத்தாள்.

தொட்டியைக் கழுவி, புதுப் படுக்கை போட்டு, பிழைத்ததை உள்ளே விட்டார்கள். மாஸ்டர் மூடியை மூடாமல் அவனைப் பார்த்தாள். அவன் கவிழ்ந்து மோந்தான். வழக்கம்போல வாய் திறந்து, மூடிக்கொண்டது.

"ஈரப் பேப்பர்" என்றான். "இன்னும் கொஞ்சம் நாத்தம் பாக்கி இருக்கு. மண்ணு வாசனையெல்லாம் இல்ல."

"சரி" என்றாள்.

மறுநாள் கேன்டீனில் பெரிய சட்டி அடுப்பில் ஏறியிருந்தது. வழக்கம்போல் மின்னல் எண்ணெய் டின்னைத் திறந்து மாஸ்டர் முன்னால் நீட்டினாள். மாஸ்டர் குனியவில்லை.

"நீ மோந்து சொல்லு."

மின்னல் பயந்துபோய்ச் சுற்றும் முற்றும் பார்த்தாள். காய் நறுக்குகிறவர்கள் கத்தியை நிறுத்தினார்கள். அவள் குனிந்து லேசாக மோந்து, "நல்லா இருக்கு மாஸ்டர்" என்றாள்.

"நல்லா இருக்குன்னு சொல்ல எனக்கு வீட்ல ஆள் இருக்கு. நீ உள்ளதைச் சொல்லு."

மின்னலின் கண் அவளை அறியாமல் மூலையிலிருந்த முக்காலிக்குப் போய்வந்தது. அதை மாஸ்டர் பார்த்தாள்.

"சிக்கு வாடை அடிக்குது மாஸ்டர்" என்றாள் மின்னல், தரையைப் பார்த்துக்கொண்டு. "ரொம்ப நாளாவே."

"எனக்கு வாசனை தெரியாது" என்றாள் மாஸ்டர். எல்லோருக்கும் கேட்கிற மாதிரியே சொன்னாள். "காய்ச்சல்ல போச்சு. சூப்பர்வைசர் கிட்ட மத்தியானம் நானே சொல்லிடறேன். அதுவரைக்கும் சட்டியை நீ பாரு."

கரண்டியை அவள் கையில் கொடுத்தாள். மின்னல் கெட்ட டின்னை ஓரமாகத் தள்ளிவிட்டு, வாழ்க்கையில் முதல்முறையாக வேகமாக நடந்து, பாய்லர் சுவரை ஒட்டி இல்லாத ஒரு டின்னை எடுத்துவரப் போனாள்.

மாஸ்டர் மூலைக்குப் போய் முக்காலியில் உட்கார்ந்தாள். மூட்டையைப் பிரித்து முதல் வெங்காயத்தை உரித்தாள். வாசனை தெரியாவிட்டால் என்ன, வெங்காயம் அதன் வேலையைச் செய்தது. இரண்டாவது உரிக்கும்போதே கண்ணில் தண்ணீர் கட்டியது, நாலாவதில் கன்னத்தில் வழிந்தது. அவள் துடைக்கவில்லை. எட்டு மாதமாக வராதது ஒரு சாக்குக் கிடைத்ததும் வந்துகொண்டே இருந்தது. வெங்காயத்தைக் கீழே வைத்த பிறகும் நிற்கவில்லை. காய் நறுக்குகிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். வெங்காயம்தானே என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொன்னாள்.

பக்கத்துக் கூடையில் கேரட் தோல் குவிந்திருந்தது. மாஸ்டர் அதிலிருந்து அள்ளினாள். அள்ளியதைப் பார்த்துவிட்டு, முக்கால்வாசியைத் திரும்பக் கூடையிலேயே போட்டாள். மிச்சத்தைக் காகிதத்தில் மடித்து ஏப்ரன் பையில் வைத்துக்கொண்டு, அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.